பெயருக்கு முன்னால் ஒரு ‘லேட்’

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புக் எல்லாம் அடிப்போம். ஆனால் கடை வாடகையைக் கட்டுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மதுரையில் சாவு விழுந்த வீட்டில் பந்தல் போடும் முன்பே போஸ்டருக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். கல்யாணக்காரர் எழுத்து சரியில்லை, பிள்ளையார் படம் சரியில்லை என்று ஒரு மாதம் இழுப்பார். சாவுக்காரருக்கு இரண்டு மணி நேரத்தில் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு மேலாக ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரண்டு தேதிகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தட்டும்போதே மனசு கழித்துப் பார்த்துவிடும். ஆம்பளை என்றால் 54, 61, 48, 66. பொம்பளை என்றால் 79, 83. ஐம்பதில் இறந்த பெண்களும் உண்டு, தொண்ணூறைத் தாண்டிய தாத்தாக்களும் உண்டு. ஆனால் பொதுவாகப் போகிற போக்கு அதுதான்: ஆம்பளை முந்திப் போகிறான்.

என் கடைக் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. நடுவயதில் செத்த ஆம்பளைக்குத்தான் நண்பர் குழு, சங்கம், ஆட்டோ ஸ்டாண்ட் என்று ஆளுக்கொரு போஸ்டர் அடிப்பார்கள். ஐம்பது வயதில் ஒரு அம்மா இறந்தால் பல வீடுகளில் போஸ்டரே இருக்காது. வயதான பாட்டிகளின் பிறந்த தேதியும் சந்தேகம்தான். ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், வருஷம் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது.

கல்யாணப் பத்திரிகை கொஞ்சம் நேர்மையான சாட்சி. மேலே தாத்தா பாட்டிகள் பெயர் வரும் இடத்தைப் பாருங்கள். ஆணின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘லேட்’, பக்கத்தில் மனைவி பெயருக்கு ஒன்றும் இருக்காது. பத்திரிகைக்குப் பத்திரிகை இதுதான். என் தங்கை கல்யாணப் பத்திரிகையில் அந்த ‘லேட்’டை அப்பா பெயருக்கு முன்னால் நானே போட்டேன்.

அப்பா ஈய எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர். வேறொரு அச்சகத்தில் வேலை பார்த்து, பிறகு ஒரு டிரெடில் மெஷின் வாங்கித் தனியாக உட்கார்ந்தவர். வாயில் பீடி, விரலில் மை. 2003இல் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி வாக்கில் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ‘வாயு’ என்று அவரே முடிவு பண்ணி, பக்கத்துக் கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்தார். ஏப்பம் வந்தது, சரியாகிவிட்டது என்று எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டார். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சட்டை நனைந்திருந்தது, வெயில் என்றார். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு, “நாளைக்கு முகூர்த்த வேலை இருக்குடா, முடிச்சிட்டுப் போவோம்” என்றார். இடது தோள் வலிக்கிறது என்றபோது, கோர்த்த எழுத்துச் சட்டத்தை, அதாவது ஃபாரத்தை, தூக்கியதால் என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு செல்லூர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது 108 ஆம்புலன்ஸ் கிடையாது, தமிழ்நாட்டுக்கு அது வந்ததே 2008இல்தான். எதிர்வீட்டு ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். எங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத் தூரத்தைக் கடக்க அப்பாவுக்கு ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. வயது 56. அம்மாவுக்கு 49, எனக்கு 25.

இந்த ஆயுள் வித்தியாசத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது ரொம்பப் பிறகு. பிறப்பு இறப்புகளை மாதிரியாகப் பதிந்து அரசு எடுக்கிற ‘மாதிரிப் பதிவு முறை’யின் 2016–20 கணக்கின்படி, இந்தியாவில் பிறக்கிற ஆண் குழந்தையின் சராசரி எதிர்பார்ப்பு ஆயுள் 68.6 வருஷம், பெண்ணுக்கு 71.4. இதைக் கடையில் சொன்னபோது 66 வயது வாடிக்கையாளர் ஒருவர் முகம் வெளிறி, “அப்போ எனக்கு இன்னும் ரெண்டரை வருசந்தானாப்பா?” என்றார். அப்படி இல்லை. அது பிறப்பிலிருந்து போடுகிற சராசரி. பச்சைக் குழந்தையாக இறந்தவர்கள், இருபதில் வண்டியில் விழுந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தது. அறுபதைத் தாண்டியவருக்கு எண்பது பக்கம்கூடச் சாதாரணமாக வரும். அவர் நிம்மதியாகப் போய் ஒரு வடை சாப்பிட்டார். அதுவும் எண்ணெய் வடை.

இன்னொரு கணக்குத்தான் என்னை உலுக்கியது. 1970–75இல் இதே கணக்கில் ஆண் 50.5, பெண் 49.0. அதாவது அப்போது பெண்தான் முதலில் போனாள். உலகம் முழுக்கப் பெண் உடம்புக்குக் கொஞ்சம் கூடுதல் தாக்குப்பிடிக்கும் சக்தி இருக்கிறது என்கிறார்கள். இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பதால் ஒன்றில் பழுது இருந்தால் இன்னொன்று ஈடுகட்டும். மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயைக் காக்கிறது. அப்படி இருந்தும் நம் ஊரில் பெண் முந்திப் போனாள் என்றால், அது உடம்பு செய்த வேலை இல்லை, நாம் செய்தது. என் அப்பத்தாவின் அக்கா முதல் பிரசவத்தில் போனவர். “பெரிய உசுரும் சின்ன உசுரும் ஒரே பாயில” என்று அப்பத்தா சொல்லும். உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைக் கொன்ற சேதி 1980களில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மதுரையிலிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊர். பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்ததும், பெண் பிள்ளைக்கும் ஊசி மருந்து என்று ஆனதும் கணக்கு தலைகீழாகிவிட்டது.

ஆண்கள் பக்கம் உடம்பு பாதி, பழக்கம் பாதி. 2016–17 புகையிலைக் கணக்கெடுப்பில் நம் நாட்டு ஆண்களில் 42.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் புகையிலை பயன்படுத்தினார்கள், பெண்களில் 14.2. குடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, தெருமுனைக்குப் போனால் தெரியும். தற்கொலையிலும் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அப்பாவின் பீடியைத்தான் ரொம்ப நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈயம் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பது வருஷம் ஈய எழுத்தைத் தொட்ட கையாலேயே சோறு தின்றவர் அவர்.

அப்புறம் வண்டி. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் பத்துக்கு எட்டுக்கும் மேல் ஆண்கள். எனக்கு இது எண்ணாகத் தெரியவில்லை. ஒரு பையனுக்குப் பிறந்தநாள் பிளக்ஸ் டிசைன் பண்ணிக் கொடுத்திருந்தேன். கூலிங்கிளாஸ், பின்னால் சிங்கம், ‘எங்கள் தளபதிக்கு’ என்று வாசகம். நாலு மாதம் கழித்து ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூட்டாளிகள் போன் பண்ணினார்கள். மேலூர் ரோட்டில், ஹெல்மெட் இல்லாமல். வேறு நல்ல போட்டோ இல்லை, அதையே போடுங்கண்ணே என்றார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பழைய பைலைத் திறந்து, சிங்கத்தை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கை வைத்தேன். பலூனை அழித்துப் பூ வைத்தேன். கண்ணாடியை மட்டும் அவன் முகத்திலிருந்து எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் கடைக்கு வண்டியில் வருகிற பையன்கள் தலையில் ஹெல்மெட் இல்லையென்றால் நான் திட்டுவேன். வியாபாரம் போனால் போகட்டும். எந்த வியாபாரம் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. அப்பா அப்படிப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான், ஜாக்கிரதையாக இருந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். 44 வயதுவரை நான் ஒரு தடவைகூட பிரஷர் பார்த்ததில்லை. வீட்டில் அம்மாவுக்குப் பார்த்தார்கள், மனைவிக்கு இரண்டு பிரசவத்திலும் மாதாமாதம் பார்த்தார்கள். எனக்கு ஏன் பார்க்க வேண்டும்? நமக்கென்ன என்கிற திமிர்தான். பெண்ணைப் பிள்ளைப்பேறாவது ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வைக்கிறது. ஆம்பளையை அங்கே இழுத்துப்போக ஒரு விபத்தோ நெஞ்சுவலியோ வர வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீடு தேடி வந்து பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்கிற அரசுத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் வருவார். பகலில் வருவார், பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள். ஆம்பளைகள் பிடிபடுவதே இல்லை என்று அந்த அம்மா அலுத்துக்கொள்வார். ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் பிடிபட்டேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பிரஷர் 172க்கு 108. “இப்பத்தான் டீ குடிச்சேன், காய்ச்சல் வேற” என்றேன். சொல்லும்போதே என் வாயிலிருந்து வருவது யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது. ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் வேறு வேறு நேரத்தில் பார்த்தும் இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், மாதாமாதம் இலவசமாக வீட்டுக்கே வருகிறது. ஒரு தலைவலி, ஒரு மயக்கம்கூட எனக்கு இருந்ததில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிரஷர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வேலை பார்க்கும். முப்பது வயதுக்கு மேல் வருஷம் ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரை போட்டதால்தான் இறங்கியிருக்கிறது. நான் ஒரு தடவை நிறுத்திப் பார்த்து, மறுமாதம் அந்தத் தன்னார்வலர் அம்மாவிடம் பாட்டு வாங்கினேன்.

நெஞ்சில் அழுத்தம், தோள், தாடை, முதுகுப் பக்கம் பரவுகிற வலி, காரணம் இல்லாத வேர்வை, மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் சோடா பாட்டிலைத் தேட வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கப் போய்விடுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. அது உண்மையிலேயே வாயுவாக இருந்தால் டாக்டர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் வந்திருக்கிறது. ஆகவே டவுனுக்கு வெளியே இருப்பவர்கள் மதுரைக்குத்தான் வர வேண்டும் என்று நேரத்தைக் கரைக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாக, குமட்டலாகக்கூட வரும். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. பொம்பளைக்கு ஹார்ட் அட்டாக் வராது என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பாதீர்கள்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை. ஆண் சீக்கிரம் போகிறான் என்றால், பெண் தனியாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஆயுளில் மூன்று வருஷம் வித்தியாசம். கல்யாணம் பண்ணும்போதே மாப்பிள்ளை ஐந்தாறு வயது மூத்தவனாக இருக்க வேண்டும் என்கிறோம். இரண்டையும் கூட்டினால் சராசரிப் பெண்ணுக்கே எட்டு ஒன்பது வருஷம் தனிக்காலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்கள் சீக்கிரம் போவது ஒரு காரணம், மறுபடி கட்டிக்கொள்வது இன்னொரு காரணம். அம்மா அப்பாவோடு வாழ்ந்தது 27 வருஷம். அவர் இல்லாமல் இருப்பது இதுவரை 22.

அப்பா காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது ஒரு பேங்க் பாஸ்புக், ஒரு எல்.ஐ.சி. பத்திரம், ரப்பர் பேண்டு போட்ட கடன் சீட்டுகள் கிடந்தன. பத்திரம் பிரீமியம் கட்டாமல் காலாவதி ஆகியிருந்தது. கணக்கு அப்பா பெயரில் மட்டும், நாமினி கிடையாது. 38 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தை எடுக்க ஏழு மாதம் அலைந்தோம். ஒரு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் தப்பு என்றார்கள், இன்னொன்றில் சார் லீவு என்றார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் ஒரு சமாச்சாரம் தெரிந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பத்தா அப்போது 78 வயதில் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. மகனுடைய 38 ஆயிரத்துக்குத் தாய் கைநாட்டு வைக்க வேண்டும். ஆட்டோவில் கூட்டிப் போனோம். மை தடவிய கட்டை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது ஏங்கைல ஒட்டுற மையா, அவங்கைல ஒட்டுற மையி” என்றது. அங்கே இருந்த கிளார்க் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு இன்னும் எட்டு வருஷம் இருந்தது அப்பத்தா.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: பேங்க் கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ எடுக்கலாம் என்கிற முறையில் வையுங்கள். நாமினி போடுங்கள். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், சொத்துக்கு முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். வீட்டை யாருக்கு என்று நினைக்கிறீர்களோ அதை உயிலாக எழுதிவிடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், சான்றிதழில் பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிழை திருத்தம் என் தொழில் என்பதால் சொல்கிறேன், பிறகு திருத்துவது பெரும்பாடு. பேங்கில் 436 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் வருஷக் காப்பீடு இருக்கிறது. முன்னது எப்படி இறந்தாலும், பின்னது விபத்தில் இறந்தால், 2 லட்சம். முன்னதில் 50 வயதுக்குள் சேர வேண்டும். நான் இரண்டும் போட்டிருக்கிறேன். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் தர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டியிருக்கிறேன். காட்டிய அன்று அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அபசகுனமாம். மூன்றாம் நாள் நோட்டை எடுத்து, என் தம்பிக்குக் கொடுத்த ஐயாயிரத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள்.

கூடுதல் வருஷம் கிடைப்பதால் பெண்ணுக்கு அது சுகமான வருஷம் என்றும் இல்லை. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, மாடி ஏற முடியாது. ரத்தம் எப்போதும் குறைவு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்ட ஐம்பது வருஷம் எலும்பில் தெரிகிறது. கண்புரைக்கு ஆபரேஷன் செய்தபோது டாக்டர் கேட்டார், இவ்வளவு முற்றும்வரை ஏன் விட்டீர்கள் என்று. “சமையலுக்கு இந்த வெளிச்சம் போதும்னு இருந்தேன் சார்” என்றது. ஆண் வலியை வாயு என்கிறான், பெண் வலியைச் சொல்வதே இல்லை. வீட்டில் கேரட், கீரை, முட்டை வாங்கினால் போதாது, அது யார் தட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் அம்மாவும் மனைவியும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதைக் கொண்டுவர எனக்கு ஒரு வருஷம் ஆனது, எதிர்ப்பு முழுக்க அம்மாவிடமிருந்துதான்.

ஆனாலும் அம்மா தாக்குப்பிடித்தது. சுயஉதவிக் குழு, மார்கழி பஜனை, சாயங்காலம் வாசலில் நாலு பேர். என் மாமா, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர், அத்தை போன பதினான்காவது மாதம் போய்விட்டார். இரண்டு போஸ்டரையும் நான்தான் அடித்தேன். அந்தப் பதினான்கு மாதமும் அவருக்குக் காபிப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது, சுகர் மாத்திரையில் எது காலைக்கு எது ராத்திரிக்கு என்று தெரியாது. எல்லாம் அத்தை எடுத்து வைத்தது. துணையை இழந்தால் பெண்ணைவிட ஆணுக்குத்தான் ஆயுள் அடி வாங்குகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதைப் படித்த பிறகு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். சுமாராக வரும்.

போன மாதம் அம்மா கடைக்கு வந்தது. அதிசயம், முட்டி வலியோடு ஆட்டோ பிடித்து. நல்ல சேலை, பூ இல்லாத கொண்டை, விபூதி. “ஒரு போட்டோ எடுத்து வை தம்பி. கடேசி நேரத்துல ரேஷன் கார்டுல இருந்து வெட்டி ஒட்டாத” என்றது. எடுத்தேன். அப்பா படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு மாதிரி போட்டுக் காட்டினேன். 56 வயது அப்பா கறுத்த மீசையோடு ஒரு பக்கம், 71 வயது அம்மா நரைத்துப்போய் மறு பக்கம்.

ஸ்கிரீனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “தனித்தனியாவே போடு. இப்படிப் போட்டா அந்த மனுசனை ஏம் மகன்னு நெனப்பாக” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் என் மேஜை டிராயரைத் திறந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தது.